மலையாட்டு வேட்டைக்கு ஆள் தேவை

கனடாவின் வரைபடம் எங்கள் தரையில் விரிந்து கிடந்தது. கிழக்கு மூலை சுருளாமல் இருக்க அதன்மேல் ஊறுகாய்ப் போத்தல். மேற்கு மூலையில் சவரி அண்ணையின் வலது கால். நடுவில் நான் குப்புறப் படுத்துக்கொண்டு, பொத்தான் தைக்கிற நூலால் நாட்டை அளந்துகொண்டிருந்தேன்.

மொன்றியலின் வில்லரேயில் இரண்டாம் மாடி. கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தெருவுக்கு இறங்கும் வளைந்த இரும்புப் படிகளில் மழை தட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் வெங்காயம் வதங்கியது.

"எவ்வளவு தூரம் மனே?" என்றார் சவரி அண்ணை. மட்டக்களப்பு மனிதர். தன்னைவிட இளையவன் எவனானாலும் அவருக்கு 'மனே'தான்.

"ஒரு சாணும் நாலு விரலும் அண்ணை."

"அது எவ்வளவு நேரம்?"

எங்கள் நாட்டில் இரவு மெயில் ரெயிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது நாடு முடிந்துவிடும். அதற்கு அங்கால் கடல். எனக்குத் தெரிந்த பயணக் கணக்கு அது ஒன்றுதான். "பின்னேரம் வெளிக்கிட்டால் விடிய ஆட்டுக்குப் பக்கத்திலை நிக்கலாம்" என்றேன்.

அடுப்படியிலிருந்து, எங்களோடு அந்த வீட்டில் இருந்த பரமண்ணையின் குரல் வந்தது. "ஓம், நிப்பாய். உது என்ன மதவாச்சியே? ரெயிலிலை நாட்கணக்கிலை போகவேணும். போய் இறங்கேக்கை தாடி வளந்து நீயே மலையாடு மாதிரி நிப்பாய். முதல் வெடி உனக்குத்தான்."

சவரி அண்ணை சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் வரைபடத்தை வாங்கி வந்திருந்தேன். அவர் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் பகிடி விடுவது என் பொறுப்பு. வாடகையில் என் பங்கு அடிக்கடி பிந்தியதால் அதையாவது ஒழுங்காகச் செய்துவந்தேன். ஆனால் என் பகிடிகளில் ஒன்றுகூட அவரிடம் வேலை செய்யவில்லை. செய்தது ஒரு செத்த ஆட்டின் தலை.

சுவரில் இருந்த தலை

சூப்புக் கிடாரத்துக்குள் நான் தலைகீழாக விழுந்த கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். அந்தக் கிடாரத்தின் சொந்தக்காரர் கஸ்தோன். லொங்குய்யில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சவரி அண்ணையும் நானும் மஞ்சள் கோட்டு மெத்ரோவில் ஆற்றுக்கு அடியால் போய் அங்கே பாத்திரம் கழுவினோம். பிரெஞ்சு தெரியும் என்று சொல்லித்தான் நான் அந்த வேலையை எடுத்தேன். என் பிரெஞ்சு 'பொஞ்ஜூர்' தொடங்கி 'மெர்சி' வரைக்கும். இடையில் வருவதைக் கையாலும் கண்ணாலும் இங்கிலிஷாலும் நிரப்புவேன். கஸ்தோனின் இங்கிலிஷ் என் பிரெஞ்சைவிடக் கொஞ்சம் மேல். ஆகையால் நான் அங்கே மொழிபெயர்ப்பாளன்.

சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் அந்தத் தலை இருந்தது. பனி மாதிரி வெள்ளை. கொம்பு இரண்டும் கறுப்பு, குட்டை. நீண்ட தாடி. பார்வை மட்டும் என் பெரியப்பாவினுடையது. பரீட்சையில் பெயிலாகி வந்த ஒருவனைப் பார்க்கிற பார்வை. நான் அதற்குக் கீழே தட்டு எடுக்கப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன்.

அது ஊர் ஆடு அல்ல. மேற்கே, நாட்டின் மற்றக் கரையோரத்து மலைகளில், மரம் முளைக்காத உயரத்தில், மனிதன் கால் வைக்கப் பயப்படுகிற பாறை விளிம்புகளில் திரிகிற காட்டு ஆடு. ஒவ்வொரு இலையுதிர் காலமும் கஸ்தோன் தன் மச்சானோடு லொறியில் புறப்பட்டுப் போவார். அந்த வருஷம் மச்சானின் முழங்கால் மறுத்துவிட்டது.

அந்த நாட்களில்தான் ஒரு சம்பவம் நடந்தது. கடைக்குக் கிழமையில் ஒருநாள் பாதிப் பன்றி வரும். வெட்டுகிற சமையல்காரருக்குக் கை சுளுக்கு. சவரி அண்ணை ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். மூட்டு மூட்டாகக் கழன்று வந்தது. எலும்பில் கத்தி படுகிற சத்தமே கேட்கவில்லை. கஸ்தோன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு எங்கள் இருவரையும் அந்தத் தலைக்குக் கீழே கூட்டிப்போனார். "மலைக்கு எனக்கு ஒரு ஆள் வேண்டும்" என்றார். "ஏற வேண்டும், சுமக்க வேண்டும், உரிக்க வேண்டும். இவனால் முடியும்போல இருக்கிறது. ஆனால் வேட்டை தெரியாதவனைக் கூட்டிப்போக மாட்டேன். ஒருதரம் அப்படி ஒருவனைக் கூட்டிப்போனேன். ஆட்டைக் கண்டதும் கை நடுங்கி, என் தொப்பியில் சுட்டுவிட்டான். இவன் முந்தி வேட்டைக்குப் போனவனா? இப்போது சொல்ல வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பார்ப்போம், அப்போது சொல்லட்டும்."

நான் தமிழில் சொன்னேன். சவரி அண்ணை அந்தத் தலையை வெகுநேரம் பார்த்தார். ஆட்டைப் பார்க்கவில்லை. அது நின்றிருக்கக்கூடிய இடத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மெத்ரோவில் திரும்பும்போது அவராகவே பேசினார். "இந்த நாட்டுக்கு வந்து எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்டையும் நான் செய்யல்ல மனே. தட்டுக் கழுவுறதும் நீதான் காட்டித் தந்தாய். அந்த மலைக்குப் போனா நான் ஆரெண்டு எனக்கு ஒருக்காத் தெரியும்."

நான் காட்டித்தந்ததால்தான் அவரும் தட்டை இரண்டுதரம் கழுவிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

சொல்லக் கூடாத சாமான்

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

சவரி அண்ணையிடம் ஊரில் ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது. களவாக அல்ல, அனுமதியோடு. அவருடைய வயல் காட்டோரம். பன்றி வரும், யானை வரும். தகப்பன் காலத்துத் துவக்கு அது. அறுவடை முடிந்தால் அதோடு காட்டுக்குள் இறங்குவார். மானோ மரையோ விழுந்தால் ஊரே பங்கு போட்டுக்கொள்ளும்.

பிரச்சினை தொடங்கியதும், துவக்கு வைத்திருக்கிறவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தார். சில மாதம் கழித்து ஆமி வந்து, "உன்னிடம் இருந்த துவக்கு எங்கே, ஆருக்குக் குடுத்தாய்?" என்று கேட்டது. கொடுத்துவிட்டேன் என்றார். நம்பவில்லை. அவர் முதுகைப் பார்த்தவர்களுக்கு மிச்சம் தெரியும். வில்லரே வீட்டில் குளித்துவிட்டு வரும்போது எங்களுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நடப்பார். நண்டு மாதிரி நடக்கிறீர்கள் என்று ஒருதரம் பகிடி விட்டேன். காரணம் தெரிந்த பிறகு சிலநாள் நானும் அந்த வீட்டில் நண்டு மாதிரித்தான் நடந்தேன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்.

ஆக, அந்தத் துவக்குத்தான் அவருடைய கதை. அதனால்தான் அவர் அகதி. ஆனால் கனடாவில் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் அது இல்லை.

அதை வெட்டியவர் பரமண்ணை. யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கிளாக்காக இருந்தவர். மொன்றியலில் சட்டைக் கொம்பனி ஒன்றில் பொத்தான் தைத்தார். ஆனாலும் வில்லரேயில் எந்தத் தமிழனுடைய கேஸும் அவருக்குக் காட்டாமல் உள்ளே போகாது. அகதிக் கோரிக்கையை நாங்கள் கேஸ் என்போம். கள்ளன் மாதிரித்தான் எங்களுக்கும் இருந்தது.

"துவக்கு எண்ட சொல்லு உங்கடை வாயிலை வரப்படாது" என்று பரமண்ணை தீர்ப்புச் சொன்னார். "இமிக்கிரேஷன்காரனுக்குத் தமிழன், துவக்கு எண்டால் ஒரே அர்த்தம்தான். இயக்கமெண்டு எழுதிப்போட்டு அடுத்த பிளேனிலை ஏத்திவிடுவான். வாழ்க்கையிலை துவக்கைத் தொட்டதில்லை எண்டு சொல்லுங்கோ."

சவரி அண்ணை கத்தோலிக்கர். வேதாகமத்தில் கை வைத்து, வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு கோயிலில் கடைசி வாங்கில்தான் இருப்பார். நற்கருணைக்கு எழும்பிப் போகமாட்டார்.

சத்தியம் செய்த கையோடு அவருடைய பேச்சும் போனது. வேலை, சோறு, ஜன்னல். மனைவியும் மகளும் ஊரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். கேஸ் வென்றால்தான் அவர்களை எடுக்கலாம். தபால் வருகிற நேரத்தில் அவர் இரும்புப் படியில் போய் இருப்பார். தபால்காரர் அவரைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்.

இந்த மனிதர்தான் இப்போது வரைபடத்தில் கால் வைத்துக்கொண்டு, "அங்க ஏறுறத்துக்கு என்ன சப்பாத்து வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அரிசி மூட்டையோடு ஏறியது

திட்டம் வளர்ந்தது. கோயில் பழையசாமான் விற்பனையில் அவருக்குச் சப்பாத்து எடுத்தோம். ஒரு கால் சரி, மறு காலுக்குக் கொஞ்சம் பெரிசு. பரமண்ணை துவக்குக்கு எதிர், ஆனால் சாப்பாட்டுக்கு எதிரல்ல. சுத்த சைவம். இருந்தும் வேட்டைக்கென்று பொரிமா உருண்டை பிடித்துப் பிடித்து பிஸ்கற் தகரத்துக்குள் அடுக்கினார்.

"ஆட்டைக் கொல்லப் போறவைக்கு நீங்கள் ஏன் பரமண்ணை உருண்டை பிடிக்கிறியள்?"

"கொல்லுற பாவம் அவருக்கு. பசியோடை அனுப்பின பாவம் எனக்கு வரப்படாது. நீ வாயை மூடு."

சுமை தூக்கிப் பழக வேண்டும் என்று சவரி அண்ணை சொன்னார். மொன்றியலில் இருந்த ஒரே மலை நகரத்துக்கு நடுவில் இருக்கிற மலைதான். ஒரு சனிக்கிழமை அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். நான் மேற்பார்வை. அதாவது வெறுங்கையோடு பின்னால் வந்து, மூச்சு வாங்கி, வழியிலிருந்த ஒவ்வொரு வாங்கிலும் இருந்து எழும்பினேன்.

அவர் ஏறுவது அழகாக இருந்தது. காலை வைப்பதற்கு முன் கல்லை விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல முன்பாதத்தால் தடவிப் பார்ப்பார். ஒரு சரளைகூட உருளவில்லை. எனக்குப் பின்னால் மலையே உருண்டுகொண்டிருந்தது.

பாதி வழியில் ஒரு பொலிஸ்காரன் நிறுத்தினான். இரண்டு கறுப்பர்கள், ஒரு மூட்டை, காட்டுப் பாதை. அவன் மூட்டையைக் காட்டி ஏதோ கேட்டான். சவரி அண்ணையின் முகம் செத்துப்போனது. கை இரண்டும் தானாக மேலே எழும்பத் தொடங்கின.

எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ. அதே மலையின் மறுபக்கச் சரிவில் பெரிய கோயில் ஒன்று இருக்கிறது. சனங்கள் அதன் படிகளை முழங்காலில் ஏறுவார்கள். "எக்லீஸ்" என்றேன். கும்பிட்டேன். மூட்டையைக் காட்டினேன். நேர்த்திக்கடனாக அரிசி கொண்டுபோகிறோம் என்பதை என்னால் முடிந்த கோணங்கிகளோடு விளக்கினேன். பொலிஸ்காரன் சவரி அண்ணையின் வியர்வையைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். கோயில் அந்தப் பக்கம் என்று வழியும் காட்டிவிட்டுப் போனான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சவரி அண்ணை சிரிக்கவில்லை.

"சாமிட பேரச் சொல்லிப் பொய் சொன்னாயா?"

"பின்னை என்ன அண்ணை, உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும் எண்டு விடுறதே?"

அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் இருந்தார். "உன்ன ஏசி என்ன? நான் அவர்ட புத்தகத்திலயே கைய வெச்சிச் சொன்னவன்" என்றார். பிறகு எழும்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் திரும்பாமல் உச்சிக்கு ஏறினார்.

பரமண்ணை விடவில்லை

சுட்டுப் பார்க்கிற ஞாயிறு நெருங்கியது. முதல்நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பரமண்ணை கையைக் கழுவிவிட்டு வந்து எங்களுக்கு எதிரில் இருந்தார்.

"சவரி, நாளைக்கு அவன் கேட்டால் என்ன சொல்லப்போறீர்?"

"போனவன் எண்டு சொன்னாத்தானே கூட்டிப் போவான்."

"அங்கை தொடவேயில்லை எண்டு சத்தியம். இஞ்சை காட்டிலை வேட்டையாடினனான் எண்டு வாக்குமூலம். நல்லாயிருக்கு."

நான் இடையில் புகுந்தேன். "கஸ்தோன் என்ன இமிக்கிரேஷன்காரனே? அந்தாள் ஆட்டைப் பற்றித்தானே கேக்குது."

"உனக்கு ஒண்டும் தெரியாது. இஞ்சை எல்லாரும் எல்லாரோடையும் கதைக்கிறவங்கள். அவன்ரை கடையிலை வந்து சூப் குடிக்கிறவன் ஆர்? உனக்குத் தெரியுமோ? ஒருநாள் ஒரு இமிக்கிரேஷன்காரன் குடிப்பான். உங்கடை ஆள் நல்ல வேட்டைக்காரன் எண்டு இவன் பெருமையாச் சொல்லுவான். முடிஞ்சுது."

"சூப்பைக் குடிச்சவன் உயிரோடை போய்ச் சொன்னால்தானே" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சவரி அண்ணை தட்டில் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு ஒருக்காப் போகணும் பரமண்ணை" என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. வெறும் தகவல்.

பரமண்ணையின் குரலும் தணிந்துவிட்டது. "எனக்கு விளங்குது. நான் உம்மடை எதிரியே? ஆனால் ஊரிலை ரெண்டு சீவன் உம்மடை வாயைப் பாத்துக்கொண்டிருக்கு. ஆடு அடுத்த வருஷமும் நிக்கும்."

சவரி அண்ணை தட்டோடு எழும்பிப் போனார். சாப்பாட்டை முடிக்கவில்லை.

கல்லுக் குழியில்

ஊருக்கு வெளியே, கல் அகழ்ந்து கைவிட்ட ஒரு பள்ளத்துக்கு எங்களைக் கஸ்தோன் தன் லொறியில் கூட்டிப்போனார். நல்ல வெயில். இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஒரு பலகையில் தக்காளித் தகரங்களை அடுக்கினார்.

முதலில் நான். மொழிபெயர்ப்பாளனுக்கும் ஒரு வெடி இருக்கட்டும் என்றார். நான் துவக்குகளிடமிருந்து ஓடி, மூன்று நாடு கடந்து வந்தவன். கைக்குள் ஒன்றைத் திணித்தால் என்ன செய்வேன்? கண்ணை மூடிக்கொண்டு முருகா என்று இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது நிலத்தில் இருந்தேன். தகரங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. தூரத்தில் ஒரு காகம் மட்டும் மனம் நொந்து இடம் மாறியது. கஸ்தோன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு துவக்கைச் சவரி அண்ணையிடம் நீட்டினார். நீட்டிவிட்டுச் சிகரெட் பற்றவைக்கத் திரும்பினார்.

அந்தச் சிறு நேரத்தில் நான் கண்டதை இன்றுவரைக்கும் மறக்கவில்லை. துவக்கு அவர் கைக்குப் போனதும் கை மாறியது. பாத்திரத் தண்ணீரில் ஊறி வெளுத்த அந்த விரல்கள் பூட்டைப் பின்னுக்கு இழுத்தன, உள்ளே தடவிப் பார்த்தன, குழல் வாயை நிலத்துக்குத் திருப்பின. தோள் இறங்கியது. ஆள் ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது. நான் அவரை அதற்கு முன் கண்டதேயில்லை என்று தோன்றியது.

கஸ்தோன் திரும்பினார். நான் கண்ட அந்த மனிதர் மறைந்துவிட்டார்.

சவரி அண்ணை துவக்கின் அடியைக் கமக்கட்டுக்குள் வைத்தார். கண் இரண்டையும் இறுக்கி மூடினார். வாய் இழுபட்டது. நான் செய்ததை அப்படியே செய்தார், எனக்கே வெட்கமாக இருந்தது. குண்டு அவருக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. இரண்டாவதும் அப்படித்தான்.

கஸ்தோன் இம்முறை சிரிக்கவில்லை. கிட்ட வந்தார். சவரி அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கேள். இவன் எப்போதாவது வேட்டைக்குப் போயிருக்கிறானா? போயிருந்தால் குறி தப்பினாலும் பரவாயில்லை, கூட்டிப்போகிறேன்."

நான் கேட்டேன். சவரி அண்ணை என்னைப் பார்த்தார்.

"என்ன மனே சொல்ல?"

ஒரு சொல்லுக்கு ஒரு மலை. அதே சொல்லுக்கு ஒரு மனைவியும் ஒரு மகளும். பள்ளத்துக்குள் காற்று சுற்றியது. தகரங்களில் ஒட்டியிருந்த காகிதம் படபடத்தது.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராகக் கஸ்தோனிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தானே சொன்னார்.

"நோ. ஜமே."

இல்லை, ஒருபோதும் இல்லை. உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.

கஸ்தோன் சிகரெட்டை மிதித்து அணைத்தார். சவரி அண்ணையின் தோளைத் தட்டினார். துவக்கை வாங்கி லொறியில் வைத்தார். அந்த வருஷம் அவரோடு மலைக்குப் போனவன் பக்கத்து வீட்டுக்காரன்.

பிறகு

அரிசி மூட்டை அடுப்படிக்குத் திரும்பியது. அவிழ்த்துச் சமைத்தோம். வரைபடத்தைப் பரமண்ணை சாமான் தட்டுக்கு விரித்தார். சில மாதத்தில் மேற்கு மாகாணங்கள் முழுக்க எண்ணெய். பொரிமா உருண்டைகளை நானும் அவரும் தின்றோம். சவரி அண்ணை ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஜன்னலுக்குப் போய்விட்டார்.

கேஸ் முடியப் பல பனிக்காலம் எடுத்தது. இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் வென்றது. அந்த நீளம் முழுவதிலும் துவக்கைப் பற்றி எவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மிராபெல் விமான நிலையத்தில் மனைவியும் மகளும் வந்திறங்கிய நாளில் நானும் போயிருந்தேன். மகள் தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். சவரி அண்ணை மகளைத் தேடி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவள் தகப்பன் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு இருந்ததென்று அதற்கு முன்னும் பின்னும் எவரும் சொன்னதில்லை.

மலைக்கு அவர் ஒருநாளும் போகவில்லை.

ஆனால் அந்த இலையுதிர் காலத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.

கஸ்தோன் மலையிலிருந்து திரும்பினார். முகம் காற்றில் வெந்திருந்தது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு கதை சொன்னார். நான் துண்டுதுண்டாகத் தமிழில் போட்டேன். சவரி அண்ணை எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு கிடாரம் தேய்த்தார்.

ஒரு பாறை விளிம்பில் ஆடு படுத்திருந்ததாம். அரைநாள் ஊர்ந்து கிட்டப் போனார்களாம். ஒரு கல் உருளவில்லை, ஒரு இருமல் இல்லை. ஆடு அவர்கள் பக்கம் பார்க்கவேயில்லை. திடீரென்று எழும்பிப் பாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரன் பதறிச் சுட்டான். பின்னங்காலில் பட்டது. அது அந்தக் காலோடு மலையைத் தாண்டிப் போய்விட்டது. பொழுது சாயும்வரை இரத்தத்தைப் பார்த்துத் தேடினார்களாம். கிடைக்கவில்லை.

"ஏன் எழும்பியது என்று இப்போதும் விளங்கவில்லை" என்றார் கஸ்தோன்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. தேய்க்கிற சத்தம் நின்றது. சவரி அண்ணை திரும்பினார். ஒரு விரலை முகத்துக்கு நேரே உயர்த்தினார். சவர்க்கார நுரை முழங்கைக்கு வழிந்தது. ஈர விரலை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, புருவத்தை உயர்த்திக் கஸ்தோனைப் பார்த்தார்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது?

ஈர விரலில் குளிர்கிற பக்கம்தான் காற்று வருகிற பக்கம். பாத்திரம் கழுவுகிறவனுக்கு அது தேவையில்லை. இறைச்சி வெட்டுகிறவனுக்கும் தேவையில்லை. மிருகத்தின் மூக்குக்குப் பயந்து நடந்தவன் மட்டுமே கேட்கிற கேள்வி அது.

கஸ்தோன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். விரல் என்ன செய்துவிட்டது என்று அப்போதுதான் சவரி அண்ணைக்கு விளங்கியது. இறக்கவும் முடியாமல் அப்படியே நின்றார். நிறம் போய்விட்டது.

சவர்க்காரம் முடிந்துவிட்டதாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். கஸ்தோன் என் பக்கம் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அதே கையைத் தன் பிடரியில் வைத்தார். அங்கே இரண்டுதரம் தட்டினார்.

பின்னாலிருந்து. அவர்களுடைய மணத்தை ஆட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தது காற்று.

சவரி அண்ணை ஒருதரம் தலையை ஆட்டினார். கை தண்ணீருக்குள் போனது. கஸ்தோன் கதவின் வட்டக் கண்ணாடியால் மண்டபத்தை எட்டிப் பார்த்தார். வெளியே எவரோ ஒருவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். கதவை நன்றாகச் சாத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் வேலைக்குப் போனார். அந்த முழு உரையாடலிலும் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சொல்கூட வேலை இருக்கவில்லை.

வேலை முடிந்து திரும்பும்போது மெத்ரோவில் எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. பெட்டிக்குள் ஈரக் குளிர்கோட்டுகளின் நாற்றம். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சவரி அண்ணை சுட்டுவிரலால் கண்ணாடியில் ஒரு மலை கீறினார். விளிம்பில் ஒரு புள்ளி.

"இது ஆடு. அவனுகள் இதால போயிருக்கானுகள்." ஒரு கோடு போட்டார். "காத்து இங்கால. அப்ப இதால போக ஒண்ணா. கீழ இறங்கி, இந்தப் பாறைக்குப் பின்னால கிறுகி, இதால ஏறணும். அரைநாள் போகும். போகட்டும். அவசரம் ஆருக்கு?"

விரல் நடந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறியது. அவர் மூச்சு மெதுவாகிவிட்டது. நானும் அசையாமல் இருந்தேன். எங்களுக்கு எதிரில் இருந்த கிழவி ஒருத்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் புள்ளிக்கு மேலே, மிகக் கிட்டவாக, வந்து நின்றது.

வண்டியும் நின்றது. கதவு திறந்தது. நாங்கள் மாறவேண்டிய நிலையம்.

அவர் விரலை எடுத்துக் கோட்டில் துடைத்தார். "இறங்கு மனே" என்றார்.